கடல் காக்காவின் டைம்டேபிள்



பழவேற்காடு ஏரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே ஒரு பறவையைத்தான் தேடுகிறார்கள். பூநாரை. நீளமான கால், நீளமான கழுத்து, ரோஸ் கலர் இறக்கை, படத்தில் அழகாக விழும். ஆனால் படகுத்துறையில் நம்ம தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு பறக்கிற கடற்காகத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அது சும்மா கடல் காக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த "சும்மா" பறவையைப் பற்றியது.

எங்க சித்தப்பா கல்யாண போட்டோ எடுப்பவர். ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கேமராவோடு என்னைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போனார். போகும்போது ஒன்று சொன்னார். "மாங்கல்யம் எப்ப வரும், மாலை எப்ப மாத்துவாங்கன்னு தெரியாதவன் எவ்வளவு பெரிய கேமரா வச்சிருந்தாலும் தாலி கட்டுற போட்டோவை விட்டுடுவான்." பறவைக்கும் இதேதான். அது அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரிந்தால்தான் சரியான நேரத்தில் பட்டனை அழுத்த முடியும். அதனால் முதலில் பறவை, அப்புறம் கேமரா.

யார் இந்தக் கடல் காக்கா?

பெயரில் காக்கா இருக்கிறதே தவிர இது காக்கா இனமே இல்லை. நீர்க்காகம் என்று இன்னொன்று இருக்கு, அது கறுப்பாக ஏரியில் முங்கி மீன் பிடிக்கும். அதுவும் காக்கா இல்லை, கடற்காகமும் இல்லை. ஆக மூன்றும் மூன்று குடும்பம்.

நம்ம பள்ளியில் நிறைய பேர் "செம்பரம்பாக்கம் ஏரியிலேயே கடல் காக்கா இருக்கே" என்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஏரி மேலே வெள்ளையாக, லேசாகப் பறக்கிறதே, அதில் பெரும்பாலும் ஆலா. அதில் மீசை ஆலா என்கிற வகைதான் உள்நாட்டு ஏரிகளுக்கு அதிகம் வரும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஆலாவின் மூக்கு மெலிசு, வால் பிளவுபட்டது, பறக்கும்போது தலையைக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு போகும். திடீரென்று இறங்கித் தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே போய்விடும். கடற்காகம் கொஞ்சம் தடி உடம்பு, வால் விசிறி மாதிரி, வாத்து போலத் தண்ணீரில் உட்கார்ந்து மிதக்கும். கடற்காகமும் சில சமயம் பெரிய ஏரிகளுக்கு வரும், ஆனால் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் கடலோரத்துக்குத்தான் போகணும்.

ஐரோப்பாவில் "சாதாரணக் கடற்காகம்" என்றே பெயர் வைத்த ஓர் இனம் இருக்கிறது. அது நம்ம கடற்கரைக்கு வருவதில்லை. நமக்குச் சாதாரணம் என்றால் பழுப்புத்தலைக் கடற்காகம். அளவில் நம்ம ஊர்க் காக்காவை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதோடு கருந்தலைக் கடற்காகமும் கலந்து வரும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நான் எடுத்த படங்களைப் பார்த்த எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பழுப்புத் தலைன்னு சொல்றே, தலை வெள்ளையா இருக்கே?" என்பதுதான். நியாயமான கேள்வி. அந்தப் பழுப்புத் தலை, முட்டையிடுகிற காலத்துக்கு மட்டும். இங்கே வருகிற குளிர்காலத்தில் அது உதிர்ந்து வெள்ளையாகிவிடும். காது இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிச்சம் இருக்கும், ஹெட்போன் மாட்டின மாதிரி. மார்ச் மாதம் ஊருக்குத் திரும்பும் முன்னால் மறுபடி பழுப்பு ஏற ஆரம்பிக்கும். பாதி வெள்ளை, பாதி பழுப்பாக அப்போது பார்த்தால் சாயம் சரியாக ஏறாத தலைமுடி மாதிரி இருக்கும்.

ஊருக்கு என்று சொன்னேனே, அந்த ஊர் எது தெரியுமா? திபெத், லடாக் பக்கத்து மேட்டு நில ஏரிகள். லடாக்கில் பாங்காங், சோ மோரிரி ஏரிகளில் இவை கூடு கட்டுகின்றன. '3 இடியட்ஸ்' இந்திப் படத்தின் கடைசிக் காட்சியில் நீலமாக ஓர் ஏரி வருமே, அதுதான் பாங்காங். சோ மோரிரி ஏரி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அவ்வளவு உயரத்தில் பிறந்த பறவை இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து இறங்கி வந்து பழவேற்காட்டில் இறால் தலைக்குச் சண்டை போடுகிறது. இதைப் போய் "சும்மா" என்கிறோம்.

தமிழய்யாவுக்காக ஒரு செய்தி. ஐங்குறுநூற்றில் நெய்தல் திணையைப் பாடிய அம்மூவனார், "சிறுவெண்காக்கைப் பத்து" என்று தனியாகப் பத்துப் பாட்டே பாடியிருக்கிறார். பத்திலும் கடற்கரையின் அந்தச் சின்ன வெள்ளைக் காக்கை வருகிறது. அப்போதே கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை

மத்தியானம் சத்துணவு மணி அடிப்பதற்குள் நம்ம பள்ளி மதில் மேல் காக்காக்கள் வந்து வரிசையாக உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இருக்காது. இது நம்ம ஊர் அதிசயம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் கடற்காகங்கள் மேல் சின்னக் கருவி பொருத்தி அவை எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் இடைவேளை விடுகிற நேரத்தை ஒட்டி அவை வந்தன. குப்பை கொட்டுகிற நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே கூடின. அதாவது கடற்காகம் நம்ம டைம்டேபிளைப் படித்து வைத்திருக்கிறது.

பழவேற்காட்டில் அதன் டைம்டேபிள் படகுகளோடு சேர்ந்தது. காலையில் படகு திரும்புகிற நேரம் பறவைகள் பின்னாலேயே வரும். கரையில் அக்காக்கள் உட்கார்ந்து இறால், நண்டு, மீன் என்று பிரித்துப் போடுவார்கள். விலை போகாத பொடி மீனை ஓரமாக எறிவார்கள். அங்கேதான் கடற்காகம், ஊர்க் காக்கா, கொக்கு, செம்பருந்து எல்லாம் கூடும். கடற்காகம் தானாக மீன் பிடிக்கும், செத்ததையும் தின்னும், நண்டு, புழு, பூச்சி எதையும் விடாது. இதையெல்லாம் விட அதற்குப் பிடித்தது அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்குவது. ஒரு கொக்கு மீனைக் கவ்வியதும் இரண்டு கடற்காகங்கள் துரத்தின. கொக்கு மீனைப் போட்டுவிட்டது. மூன்றாவதாக வந்த ஒன்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது!

வயிறு நிறைந்தால் அப்புறம் ஓய்வு. மணல் திட்டில் போய் உட்காரும். இந்த நேரத்தில்தான் படம் எடுக்க நிறைய கிடைக்கும், ஆனால் அந்நேரம் எல்லாரும் கிளம்பி ஹோட்டலுக்குப் போய்விடுகிறார்கள். இறகு கோதுவதை நன்றாகப் பாருங்கள். வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. மூக்கால் அதைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இறகாகத் தடவும். நாம தலைக்கு எண்ணெய் வைப்பது அழகுக்கு. அதற்கு இறகு ஒழுங்காக இருந்து தண்ணீர் உள்ளே இறங்காமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்று. சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை திடீரென்று தலையை உதறும், மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தெறிக்கும். "அதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார் சித்தப்பா. சளி இல்லை, உப்பு. நாம கடல் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பை வெளியேற்ற முடியாது, தாகம்தான் அதிகமாகும். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே தனியாக உப்புச் சுரப்பி இருக்கு. ரத்தத்தில் இருக்கிற அதிக உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாக விட்டுவிடும். அது வழிந்து நுனிக்கு வந்து சொட்டும். 1950-களில் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். ஒரு கடற்காகத்துக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கடல் தண்ணீர் கொடுத்தார். 3 மணி நேரத்துக்குள் அநேகமாக எல்லா உப்பையும் வெளியே தள்ளிவிட்டதாம். இது தெரிந்த பிறகு நான் அந்தச் சொட்டைப் படம் எடுக்கவே அரை மணி நேரம் உட்கார்ந்தேன். படம் 2 அதுதான்.

காற்று எந்தப் பக்கம்?

மணல் திட்டில் உட்கார்ந்திருக்கிற கடற்காகம் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், நம்ம காலை வழிபாட்டில் நிற்பது போல. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகம். திரும்பி உட்கார்ந்தால் காற்று இறகுக்குள் புகுந்து கலைத்துவிடும். பறக்கக் கிளம்புவதும் இறங்குவதும்கூடக் காற்றை எதிர்த்துத்தான். எதிர்க்காற்றில் குறைந்த வேகத்திலேயே உடம்பைத் தூக்க முடியும். பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானமும் முடிந்தவரை எதிர்க்காற்றிலேதான் இறங்கும்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி போட்டோகிராபி முடிந்தது. காற்று உங்கள் முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள். இறங்க வருகிற பறவை தானாக உங்களைப் பார்த்து வரும். வெயிலும் முதுகுப் பக்கமே இருந்தால் இன்னும் நல்லது, கண்ணில் ஒளி விழும். அன்றைக்குக் காலையில் காற்று கடல் பக்கத்திலிருந்து வந்தது, சூரியனும் அந்தப் பக்கமே. கடலுக்கு முதுகு காட்டி ஏரியைப் பார்த்து உட்கார்ந்தோம். பூநாரைக்காக வந்த மற்றவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

அடுத்த சிக்கல், வெள்ளை நிறம். கேமராவுக்கு வெள்ளை வெளேர் பறவை என்றால் குழப்பம். பின்னால் வானம் வெளிச்சமாக இருந்தால் பறவை கரிக்கட்டை மாதிரி வரும். பின்னால் தண்ணீர் கறுப்பாக இருந்தால் பறவை வெளுத்துப்போய், இறகு ஒன்றுமே தெரியாமல், கிழித்து ஒட்டின பேப்பர் மாதிரி வரும். செல்போனில் எடுப்பவர்கள் பறவை மேல் விரல் வைத்தால் பக்கத்தில் சூரியன் போல ஓர் அடையாளம் வரும். கறுப்பாக வந்தால் மேலே தள்ளுங்கள், வெளுத்தால் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் கூட்டிக் குறைக்கும் பட்டன் அதே வேலையைச் செய்யும். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/1000 விநாடியாவது வேண்டும். 9 மணிக்கு முன்னால் எடுப்பது நல்லது, உச்சி வெயிலில் மூக்கு நிழல் கழுத்தில் விழுந்து தாடி வைத்த மாதிரி தெரியும்.

கிட்டே போவது எப்படி? நேராக நடக்காதீர்கள். குனிந்து, கோணல் மாணலாக, வேறு எதையோ பார்த்துக்கொண்டு போங்கள். 2019-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டை வைத்துவிட்டு, ஒரு முறை கடற்காகத்தை உற்றுப் பார்த்தார்கள், ஒரு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தபோது பறவை கிட்டே வரச் சராசரியாக 21 விநாடி அதிகம் எடுத்துக்கொண்டது. நாம பார்ப்பது அதற்குத் தெரியும். பரீட்சை ஹாலில் டீச்சர் பார்க்கும்போது நமக்குத் தெரிவது போல.

படகில் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கரையிலிருந்தே எல்லாம் கிடைக்கும்.

முறுக்கு

எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் நாலு அண்ணன்கள் முறுக்கை உடைத்து மேலே வீசினார்கள். இருபது முப்பது பறவை ஒரே நேரத்தில் வந்து மொய்த்தது. போட்டோ பட்டென்று கிடைத்துவிட்டது. டெல்லியில் யமுனைப் படித்துறையில் குளிர்காலம் முழுக்க இதுதான் நடக்கிறது. காராசேவு வீசி வீசிப் படம் எடுக்க வெளியூரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அந்தப் படங்கள் அழகாகத்தான் இருக்கு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அது முறுக்கைப் படம் எடுப்பதுதானே? பறவை எப்படி வாழ்கிறது என்று அந்தப் படத்தில் என்ன தெரியும்? எண்ணெயில் பொரித்த மாவும் உப்பும் மீனுக்குச் சமமாகாது. லடாக்குக்குத் திரும்பிப் பறக்கச் சேர்க்க வேண்டிய கொழுப்பும் புரதமும் அதில் கிடைக்காது. வீசுகிறவர்கள் போன பிறகு அது அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும், டைம்டேபிளே மாறிவிடும். சித்தப்பா, "ஒரே ஒரு முறுக்கு போட்டா என்ன ஆகிடும், சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொடி மீன் எறிகிற அக்கா எப்படியும் இன்னும் பத்து நிமிஷத்தில் எறியப்போகிறார், அதுவரை உட்கார்ந்தால் போதும் என்றேன். எறிந்தார். படம் 3.

வீட்டுக்கு வந்து ஜூம் செய்து பார்த்தது

இறக்கை விரித்த படம் இருந்தால் நுனியைப் பாருங்கள். நுனி கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலை. நுனியின் முன் ஓரம் முழுக்க வெள்ளையாக, கறுப்பு ஓரத்தில் கோடு போல இருந்தால் கருந்தலை. கண் வெளுத்திருந்தால் வளர்ந்த பழுப்புத்தலை, கொஞ்சம் கோபக்காரன் மாதிரி முறைக்கும். கருந்தலைக்குக் கண் கறுப்பு, சாதுவாகத் தெரியும். வால் நுனியில் கறுப்புப் பட்டை இருந்தால் அது போன கோடையில் பிறந்த குஞ்சு, முதல் முறை தமிழ்நாடு வந்திருக்கு. அந்த இறக்கை நுனி ஏன் கறுப்பு என்றால், கறுப்பு நிறத்தைத் தருகிற மெலனின் இறகைக் கெட்டியாக்கும். நுனிதான் அதிகம் தேயும் இடம்.

மணல் திட்டுக் கூட்டத்தை எடுத்த ஒரு படத்தில் எண்ணினேன், 37 பறவை. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன், வயிற்றையும் சேர்த்து. ஏன் வயிறு என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவியது ஞாபகம் இருக்குமே. நம்ம மாவட்டத்துப் பூண்டி ஏரியிலிருந்து வருகிற கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம் அது. உடம்பெல்லாம் எண்ணெய் ஒட்டின கூழைக்கடா படங்கள் பேப்பரில் வந்தன. எண்ணெய் பட்டால் இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தோல் வரைக்கும் போகும், பறவை குளிரில் விறைக்கும். கோதிக் கோதி அந்த எண்ணெயையே விழுங்கிவிடும். அந்த நேரம் மீன்பிடித் தொழிலுக்குப் போக முடியாமல் எத்தனை குடும்பம் வீட்டில் உட்கார்ந்திருந்தது என்பதும் பேப்பரில் வந்தது. கடற்காகத்தின் வெள்ளை வயிறு வெள்ளைத் தாள் மாதிரி, கறை பட்டால் சாதாரணப் படத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் எடுத்த தேதியும் இடமும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வருஷமும் அதே மணல் திட்டை எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

37-இல் வயிற்றுக் கறை ஒன்றிலும் இல்லை. ஆனால் ஒன்றின் காலில் தங்கூசி சுற்றியிருந்தது. இடது கால், முட்டிக்குக் கீழே. அது ஒற்றைக் காலில் நின்றது ஓய்வுக்காக இல்லை. நல்ல வேளை, ஊருக்குக் கிளம்பும் முன்பே கேமரா திரையில் அந்தக் காலை மட்டும் பெரிதாக்கி, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் காட்டியிருந்தேன். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம நரம்புதான்" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. வலையில் அறுத்த துண்டுகளை அதுவரை மணலில் போட்டுக்கொண்டிருந்தவர், பொறுக்கி எடுத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

வர விரும்புகிறவர்களுக்கு: ஆவடி அல்லது அம்பத்தூரில் ரயில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கு. பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் பறவை இருக்கும், ஏப்ரலில் பெரும்பாலும் கிளம்பிவிடும். 2015-லிருந்து பொங்கல் லீவில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிஷம் ஓர் இடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி எழுதினால் அதுவே கணக்கில் சேரும், கேமரா தேவையில்லை. அதுவரை பழகிப் பார்க்க நம்ம சத்துணவுக் காக்காவே போதும். அளவும் கிட்டத்தட்ட அதே, புத்தியும் அதே.

ஓரத்தில் ஒட்டியிருக்கும் படங்கள்: 1. காற்றைப் பார்த்து உட்கார்ந்த கூட்டம். இடமிருந்து ஆறாவது, வரிசையை மதிக்காமல் திரும்பி நிற்பதைக் கவனிக்கவும். 2. உப்புச் சொட்டு. 3. பொடி மீனுக்குப் பாய்வது. 4. தங்கூசி சுற்றிய கால்.

படம் 4-க்குப் பசை இன்னும் காயவில்லை, தொடாமல் பார்க்கவும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி